பீரங்கிக் குண்டின் பாதையைக் கண்ட கலிலியோ

ஒரு கல்லை எறிகிறோம். அது எந்த வழியாகப் போகிறது? எத்தனை நேரம் பறக்கும்? எங்கே போய் விழும்?

சிறு பிள்ளையும் கல் எறிகிறது. வேடன் அம்பு விடுகிறான். படைவீரன் பீரங்கி சுடுகிறான். ஆனால் எறிந்த பொருள் போகும் வழியைக் கணக்காகச் சொல்ல, பல்லாயிரம் ஆண்டுகளாக யாராலும் முடியவில்லை.

அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் கலிலியோ. அதை எழுதிய புத்தகம் அச்சாகி அவர் கைக்கு வந்தபோது, அதைப் பார்க்க அவருக்குக் கண் இல்லை!

அவருடைய வாழ்க்கை வரலாறு இது.

பாட்டுக்காரர் மகன்

இத்தாலி நாட்டில் பைசா என்ற நகரம் இருக்கிறது. சாய்ந்த கோபுரத்துக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே 1564-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி கலிலியோ பிறந்தார்.

தகப்பனார் பெயர் வின்சென்சோ. லூட் என்ற நரம்பு வாத்தியம் வாசிப்பதில் கெட்டிக்காரர். சங்கீத சாஸ்திரம் பற்றிப் புத்தகங்களும் எழுதியவர். பழைய நூலில் எழுதியிருக்கிறது என்பதற்காக அவர் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். தந்தியில் எடைக்கற்களைக் கட்டித் தொங்கவிட்டு, சுருதி எப்படி மாறுகிறது என்று சோதித்துப் பார்ப்பார்.

வீட்டில் புகழ் இருந்தது, பணம் இல்லை. மூத்த மகன் டாக்டருக்குப் படித்தால் குடும்பம் தலை நிமிரும் என்று தகப்பனார் எண்ணினார். 1581-ல் கலிலியோவைப் பைசா பல்கலைக்கழகத்தில் சேர்த்தார். அப்போது அவருக்கு வயது 17.

கலிலியோவுக்கு வைத்தியப் படிப்பில் மனம் செல்லவில்லை. ரிச்சி என்ற கணித ஆசிரியரின் பாடத்தைக் கேட்டார். அன்று முதல் கணக்குதான் அவருக்கு எல்லாம். 1585-ல் பட்டம் வாங்காமலேயே வீடு திரும்பினார்.

ஆனால் கணக்கு அவரைக் கைவிடவில்லை. 1589-ல் அதே பைசா பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் ஆனார். வயது 25. சம்பளம் ஆண்டுக்கு 60 பொற்காசு. மிகவும் குறைந்த சம்பளம்தான்.

சாய்ந்த கோபுரத்தின் மேல் ஏறி, கனமான குண்டையும் லேசான குண்டையும் கீழே போட்டு, இரண்டும் ஒன்றாக விழுவதைக் கலிலியோ காட்டினார் என்று ஒரு கதை உண்டு. கடைசிக் காலத்தில் அவருடன் இருந்த மாணவர் விவியானி எழுதிய கதை இது. கலிலியோ எழுதிய எதிலும் இந்தச் சம்பவம் இல்லை. அவருடைய பெரிய சோதனைகள் நடந்த இடம் வேறு.

தலையில் விழுந்த பாரம்

1591-ல் தகப்பனார் காலமானார். குடும்ப பாரம் முழுவதும் கலிலியோ தலையில் விழுந்தது. ஒரு தங்கைக்குப் பேசிய வரதட்சணையில் பாக்கி இருந்தது. இன்னொரு தங்கைக்கு 1601-ல் கல்யாணம். அதற்கும் பெரிய தொகை பேசப்பட்டது. பங்கு கொடுப்பதாகச் சொன்ன தம்பி கொடுக்கவில்லை. கடன் ஏறியது.

1592-ல் வெனிஸ் குடியரசைச் சேர்ந்த பாதுவா நகரப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. சம்பளம் உயர்ந்தது, ஆனாலும் போதவில்லை. பணக்கார வீட்டுப் பிள்ளைகளைத் தம் வீட்டிலேயே தங்க வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். கணக்குப் போட உதவும் ஒரு கருவியைச் செய்தும் விற்றார். அதைப் பீரங்கிக்காரர்களும் வாங்கினார்கள்.

மெரீனா காம்பா என்ற பெண்ணுடன் அங்கே அவர் வாழ்ந்தார். இருவரும் சட்டப்படி மணம் செய்துகொள்ளவில்லை. அவர்களுக்கு 2 பெண்கள், 1 ஆண். மூத்த மகள் வர்ஜீனியா 1600-ல் பிறந்தாள். இந்த மகளைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

குண்டு எங்கே விழும்?

பாதுவாவில் அவரிடம் படித்த இளைஞர்களில் பலர் படைத்தலைவர்கள் ஆக வேண்டியவர்கள். கோட்டை கட்டுவது, பீரங்கி வைப்பது எல்லாம் அவர்களுக்குப் பாடம். குண்டு எங்கே விழும் என்பது அவர்களுக்கு விளையாட்டுக் கேள்வி அல்ல, உயிர்க் கேள்வி.

அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பியது, கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலின் கொள்கை. தள்ளுகிற ஒன்று இருந்தால்தான் பொருள் ஓடும் என்றார் அவர். கையை விட்ட கல் ஏன் ஓடுகிறது? காற்று அதைப் பின்னாலிருந்து தள்ளுகிறது என்று விளக்கம் சொன்னார்.

பீரங்கிக்காரர்களின் நம்பிக்கை இன்னும் வேடிக்கையானது. குண்டு முதலில் நேர்கோட்டில் பாயும். வேகம் தீர்ந்தபின் வளைந்து, கடைசியில் செங்குத்தாகக் கீழே விழும் என்று நினைத்தார்கள்.

தார்த்தாலியா என்ற இத்தாலியக் கணித நிபுணர் 1537-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பீரங்கியை 45 பாகை சாய்வில் வைத்தால்தான் குண்டு அதிக தூரம் போகும் என்றார். தரைக்கும் செங்குத்துக்கும் சரி பாதி, 45 பாகை. சொன்னது சரி. ஆனால் ஏன் அப்படி என்பதற்குச் சரியான காரணம் அவரிடம் இல்லை.

சாய்வுப் பலகை

கலிலியோ முதலில் பீரங்கியைத் தொடவே இல்லை. விழும் பொருள் எப்படி விழுகிறது என்று பார்த்தார்.

நேராக விழும் பொருள் கண்மூடித் திறப்பதற்குள் தரையைத் தொட்டு விடும். விநாடியைத் துல்லியமாகக் காட்டும் கடிகாரம் அவரிடம் கிடையாது. ஆகவே விழுவதையே மெதுவாக்க வழி கண்டார்.

நீண்ட மரச் சட்டம் ஒன்றில் பள்ளம் செதுக்கினார். பள்ளத்தை இழைத்து, வழவழப்பான தோல் ஒட்டினார். சட்டத்தைச் சற்றே சாய்த்து வைத்து, வெண்கல உருண்டையை அதில் உருள விட்டார். நேரத்தை அளக்க ஒரு தொட்டி நீர். அடியில் சிறு குழாய். உருண்டை ஓடும் வரை நீர் ஒழுகும். ஒழுகிய நீரைத் தராசில் நிறுத்தால் நேரம் தெரிந்துவிடும்!

பல தடவை சோதித்தார். கடைசியில் விதி புலப்பட்டது. முதல் கணத்தில் உருண்டை 1 பங்கு தூரம் ஓடினால், அடுத்த கணத்தில் 3 பங்கு, அதற்கடுத்து 5 பங்கு, பிறகு 7 பங்கு. கூட்டிப் பார்த்தால் 1, 4, 9, 16. நேரம் இரு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு. நேரம் மும்மடங்கானால் தூரம் ஒன்பது மடங்கு.

விழும் பொருளின் கணக்கு கிடைத்துவிட்டது. இனி எறிந்த பொருள்.

மேஜையே கோட்டை!

1608-ம் ஆண்டு வாக்கில் இன்னொரு சோதனை செய்தார். மேஜைமேல் சாய்வுப் பலகையை வைத்தார். உருண்டை பலகையில் இறங்கி, விளிம்பிலிருந்து மட்டமாகப் பாய்ந்து, வளைந்து தரையில் விழும். மேஜைதான் கோட்டை, உருண்டைதான் குண்டு.

உருண்டையை அதிக உயரத்திலிருந்து விட்டால் வேகம் கூடும், தூரமும் கூடும். எவ்வளவு கூட வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு, பிறகு அளந்தார்.

அந்தக் கணக்குத் தாள் புளோரன்ஸ் நகர நூலகத்தில் இருக்கிறது. 1973-ல்தான் ஸ்டில்மன் டிரேக் என்ற ஆராய்ச்சியாளர் அதை வெளியிட்டு விளக்கினார். அதில் ஒரு வரியைப் பாருங்கள். கணக்குப்படி வர வேண்டிய தூரம் 1,460. உண்மையில் வந்தது 1,500. வித்தியாசம் 40 என்று குறித்திருக்கிறார். தமக்குச் சாதகமாக எண்ணைத் திருத்தவில்லை. வந்ததை வந்தபடியே எழுதினார்.

கல் ஒன்று, வேலை இரண்டு

அவர் கண்ட உண்மை இதுதான்:

எறிந்த கல் ஒரே சமயத்தில் இரண்டு வேலை செய்கிறது. முன்னோக்கி ஓடுகிறது, அதுவும் மாறாத வேகத்தில். கீழ்நோக்கி விழுகிறது, அது 1, 3, 5, 7 என்று கூடிக்கொண்டே போகும் வேகத்தில். ஒரு வேலை இன்னொன்றுக்கு இடைஞ்சல் செய்வதில்லை!

இதைப் புரிந்துகொண்டால் கணக்கு சுலபம். ஓர் உதாரணம் பார்ப்போம். கலிலியோ வேறு அளவைகளில் கணக்கிட்டார். நாம் மீட்டரையும் விநாடியையும் வைத்துக்கொள்வோம்.

கோட்டைச் சுவரின் உயரம் 45 மீட்டர். மேலே பீரங்கி மட்டமாக வைக்கப்பட்டிருக்கிறது. குண்டின் வேகம் விநாடிக்கு 100 மீட்டர். கீழே தரை சமமானது. குண்டு எவ்வளவு தூரத்தில் விழும்?

முதலில் முன்னோக்கிய ஓட்டத்தை மறந்துவிடுங்கள். விழுவதை மட்டும் பாருங்கள். விழும் பொருள் முதல் விநாடியில் சுமார் 5 மீட்டர் இறங்கும். இரண்டாவது விநாடியில் 15 மீட்டர். மூன்றாவது விநாடியில் 25 மீட்டர். மொத்தம் 45 மீட்டர். ஆகவே குண்டு 3 விநாடியில் தரையைத் தொடும்.

இப்போது விழுவதை மறந்துவிடுங்கள். 3 விநாடி நேரம், விநாடிக்கு 100 மீட்டர். மூன்று நூறு முந்நூறு. குண்டு 300 மீட்டர் தூரத்தில் விழும். கணக்கு முடிந்தது!

குண்டு பாயும் அதே கணத்தில் இன்னொருவர் சுவர் ஓரத்திலிருந்து வேறொரு குண்டைச் சும்மா கீழே நழுவ விட்டால்? அதுவும் 3 விநாடியில்தான் தரைக்கு வரும். 300 மீட்டர் ஓடிய குண்டும், ஓடாத குண்டும் ஒரே சமயத்தில் தரையைத் தொடும்.

கேட்டால் நம்ப முடியாது. ஆனால் விழும் வேலைக்கும் ஓடும் வேலைக்கும் சம்பந்தம் இல்லை என்பதை நினைத்தால் விளங்கிவிடும்.

மேல்நோக்கி எறிந்தால்?

தரையிலிருந்து சாய்வாக மேலே சுட்டால்? அதற்கும் அதே வழி. வேகத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: மேலே எவ்வளவு, முன்னே எவ்வளவு.

ஒரு குண்டுக்கு மேல்நோக்கி விநாடிக்கு 30 மீட்டர், முன்னோக்கி 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேலே போகும் வேகம் விநாடிக்குச் சுமார் 10 மீட்டர் வீதம் குறையும். 3 விநாடியில் தீர்ந்துவிடும். ஏறிய உயரம் 45 மீட்டர். இறங்க இன்னும் 3 விநாடி. ஆக 6 விநாடி. முன்னோக்கி 6 தடவை 40, அதாவது 240 மீட்டர்.

இப்போது எண்களை மாற்றிப் போடுங்கள். மேலே 40, முன்னே 30. குண்டின் மொத்த வேகம் மாறவில்லை. இரண்டிலும் விநாடிக்கு 50 மீட்டர்தான். சாய்வு மட்டும் மாறுகிறது. ஏற 4 விநாடி, இறங்க 4 விநாடி. ஆக 8 விநாடி. 8 தடவை 30 எவ்வளவு? அதே 240 மீட்டர்!

ஒன்று தாழப் போகிறது. இன்னொன்று உயரப் போகிறது. விழும் இடம் ஒன்றே. 45 பாகைக்கு எவ்வளவு கீழே சாய்த்தாலும், அதே அளவு மேலே சாய்த்தாலும், தூரம் சமம் என்று கலிலியோ நிரூபித்தார்.

சரியாக 45 பாகை வைத்தால்? மேலேயும் முன்னேயும் சம வேகம். ஒவ்வொன்றும் 35 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். குண்டு 7 விநாடிக்குச் சற்று அதிகமாகப் பறந்து, 250 மீட்டர் போகும். இதைவிட அதிகம் முடியாது. உயரக் குறிவைத்தால் பறக்கும் நேரம் கூடும். ஆனால் முன்னோட்டம் குறையும். தாழக் குறிவைத்தால் முன்னோட்டம் கூடும், நேரம் குறையும். இரண்டும் சமமாகும் இடத்தில்தான் தூரம் அதிகம். தார்த்தாலியா சொன்னதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

குண்டு போகும் வளைந்த பாதைக்குக் கணிதத்தில் பரவளையம் என்று பெயர். அதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, கோலிக்குண்டை நீரில் நனைத்து, பலகையின் குறுக்கே சற்று மேல்நோக்கி உருட்டி விடுங்கள். ஏறி, வளைந்து, இறங்கும். ஈரக் கோடு பரவளையமாகத் தெரியும். கலிலியோ இதை உலோகக் கண்ணாடியும் வெண்கல உருண்டையும் கொண்டு செய்யச் சொன்னார்.

வானத்தில் கண்டது

இந்தக் கண்டுபிடிப்பை அவர் உடனே வெளியிடவில்லை. 1609-ல் அவர் கவனம் வானத்தில் திரும்பியது. தொலைநோக்கி செய்து வானத்தைப் பார்த்தார். சந்திரனில் மலைகளைக் கண்டார். வியாழன் கிரகத்தைச் சுற்றி 4 சந்திரன்கள் ஓடுவதைக் கண்டார். 1610-ல் வெளியான அவருடைய சிறு புத்தகம் ஐரோப்பா முழுவதும் பரபரப்பை உண்டாக்கியது. புளோரன்ஸ் நாட்டு மன்னர் அவரைத் தம் கணித மேதையாக அமர்த்திக்கொண்டார். இரு மகள்களும் கன்னியாஸ்திரீ மடத்தில் சேர்க்கப்பட்டார்கள்.

சூரியன் நடுவில் நிற்கிறது, பூமிதான் சுற்றுகிறது என்று 1543-ல் கோப்பர்நிகஸ் எழுதியிருந்தார். அது சரி என்று கலிலியோவுக்குப் பட்டது. ஆனால் வேதத்துக்கு மாறானது என்று மதத் தலைவர்கள் கருதினார்கள். 1616-ல் ரோமாபுரியில் கலிலியோ எச்சரிக்கப்பட்டார்.

கப்பல் மரத்திலிருந்து விழும் கல்

பூமி சுற்றவில்லை என்பதற்கு அறிஞர்கள் ஒரு பலமான காரணம் சொன்னார்கள். கோபுரத்தின் உச்சியிலிருந்து கல்லைப் போட்டால் அது நேர் அடியில் விழுகிறது. பூமி சுழன்றால், கல் விழுவதற்குள் கோபுரம் நகர்ந்து போயிருக்கும். கல் வெகு தூரம் தள்ளி அல்லவா விழ வேண்டும்?

இதற்குப் பதில் கலிலியோவிடம் தயாராக இருந்தது. அதே மேஜைச் சோதனை!

ஓடுகிற கப்பலின் பாய்மரத்து உச்சியிலிருந்து கல் விழுகிறது. அது மரத்தின் அடியிலேதான் விழும். ஏனென்றால் கப்பலோடு சேர்ந்து ஓடிய கல், கையை விட்ட பிறகும் அதே வேகத்தில் முன்னே ஓடிக்கொண்டே விழுகிறது. விழுவது ஓட்டத்தைக் கெடுப்பதில்லை. ஓடும் ரயிலில் ஆரஞ்சுப் பழத்தை மேலே எறிந்து பிடிக்கிறோமே, அது போலத்தான். பழம் பின்னால் இருப்பவர் தலையில் போய் விழுவதில்லை.

பூமியும் ஒரு பெரிய கப்பல். கோபுரமும் கல்லும் நாமும் அதில் பயணிகள். ஆகவே பூமி சுற்றினாலும் கல் அடியிலேதான் விழும்.

பீரங்கிக் குண்டின் கணக்கும் பூமியின் சுழற்சியும் ஒரே விதியில் வந்து சேர்ந்தன. இந்த வாதங்களையெல்லாம் சேர்த்து, மூன்று பேர் உரையாடுவது போல ஒரு புத்தகம் எழுதி 1632-ல் வெளியிட்டார்.

ஒரே ஆண்டில் இரண்டு அடி

அந்த ஆண்டு அவருக்குப் பொல்லாத ஆண்டு. கவாலியேரி என்ற கணித நிபுணர் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் கலிலியோவைக் குருவாகக் கொண்டவர். எறிந்த பொருள் பரவளையத்தில் போகிறது என்பது அந்தப் புத்தகத்தில் அச்சாகிவிட்டது!

கலிலியோ மனம் நொந்தார். பல்லாண்டு உழைப்பின் பலன், தம் புத்தகம் வருமுன்னே இன்னொருவர் புத்தகத்தில் வந்துவிட்டதே என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். கவாலியேரி பதறிப்போனார். புத்தகத்தில் கலிலியோவைப் பாராட்டியே எழுதியிருந்தார். களவாடும் எண்ணம் அவருக்கு இல்லை. மன்னிப்புக் கேட்டு எழுதினார். இருவருக்கும் இடையே இருந்த நட்பு கெடவில்லை.

இரண்டாவது அடி அதைவிடப் பெரியது. அவருடைய புத்தகத்தை விற்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. மத விசாரணை மன்றத்துக்கு வருமாறு ரோமாபுரியிலிருந்து ஆணையும் பிறந்தது.

மண்டியிட்ட முதியவர்

1633-ல் ரோமாபுரி சென்றார். வயது 69. உடம்பில் நோய். விசாரணை பல வாரம் நடந்தது. சித்திரவதை செய்யப்படும் என்றும் மிரட்டப்பட்டார்.

ஜூன் 22-ந் தேதி தீர்ப்பு. நீதிபதிகள் முன்னே கலிலியோ மண்டியிட்டார். பூமி சுற்றுகிறது என்ற கொள்கையைக் கைவிடுவதாக, எழுதிக் கொடுத்ததை வாசித்தார். புத்தகம் தடை செய்யப்பட்டது. சிறைத் தண்டனை வீட்டுக் காவலாக மாற்றப்பட்டது. வாரம் ஒரு முறை 7 சங்கீதங்களை ஜெபிக்க வேண்டும் என்றும் தண்டனை. தகப்பனாருக்குப் பதிலாக அந்த ஜெபத்தைத் தானே சொல்வதாக மூத்த மகள் ஏற்றுக்கொண்டாள். அவள் மடத்தில் மரியா செலஸ்தே என்று பெயர் பெற்றிருந்தாள்.

புளோரன்ஸுக்கு அருகில் ஆர்செத்ரி என்ற கிராமத்தில் கலிலியோவின் வீடு. மகளின் மடம் கூப்பிடு தூரம். 1633 டிசம்பரில் தகப்பனார் வீடு திரும்பினார். மகள் பூரித்தாள். ஆனால் அந்த மகிழ்ச்சி 4 மாதம் கூட நீடிக்கவில்லை. 1634 ஏப்ரல் 2-ந் தேதி அவள் நோயால் இறந்தாள். வயது 33.

அவள் எழுதிய 124 கடிதங்களை உலகம் இன்றும் படிக்கிறது. கலிலியோ அவளுக்கு எழுதியவை கிடைக்கவில்லை.

நாடு கடந்து போன புத்தகம்

மகள் போனாள். மானம் போனது. பூமியைப் பற்றிப் பேசக் கூடாது. எந்தப் புத்தகமும் வெளியிடக் கூடாது. வேறொருவராக இருந்தால் முடங்கிப் போயிருப்பார்.

கலிலியோ பழைய தாள்களை எடுத்தார். சாய்வுப் பலகை, வெண்கல உருண்டை, மேஜைக் கணக்கு எல்லாம் வெளியே வந்தன. பூமி, சூரியன் என்ற பேச்சே இல்லாமல், பொருள்களின் பலத்தைப் பற்றியும் ஓட்டத்தைப் பற்றியும் எழுதினார். அதன் கடைசிப் பகுதி எறிந்த பொருள்களின் கணக்கு. ஒவ்வொரு பாகைக்கும் தூரம், உயரம் காட்டும் அட்டவணைகளையும் போட்டார்.

எங்கே அச்சிடுவது? இத்தாலியில் முடியாது. ஹாலந்து நாட்டு எல்சவீர் என்ற அச்சகத்தார் முன்வந்தார்கள். கையெழுத்துப் பிரதி பகுதி பகுதியாக எல்லை கடந்து போனது. பிரெஞ்சுப் பிரபு ஒருவரிடம் பிரதி கொடுத்திருந்ததாகவும், தமக்குத் தெரியாமலே அது அச்சாகிவிட்டதாகவும் முன்னுரையில் எழுதிக்கொண்டார். இரண்டு புதிய விஞ்ஞானங்கள் பற்றிய அந்தப் புத்தகம் 1638-ல் லெய்டன் நகரில் வெளியாயிற்று.

அதற்குள் இன்னொரு துயரம். 1637-ல் ஒரு கண் போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் மற்றக் கண்ணும் போனது. வியாழனின் சந்திரன்களை முதலில் கண்ட கண்கள் அவை. புத்தகம் ஆர்செத்ரிக்கு வந்தபோது, அவர் அதைக் கையால் தடவித்தான் பார்க்க முடிந்தது.

விவியானி என்ற இளைஞர் 1639 முதல் உடனிருந்து உதவினார். 1641-ல் டாரிசெல்லியும் வந்து சேர்ந்தார். பாரமானியைக் கண்டுபிடித்துப் பின்னால் புகழ் பெற்றவர் அவர். கண் இல்லாத கிழவர் வாயால் சொல்ல, இவர்கள் எழுதினார்கள்.

1642 ஜனவரி 8-ந் தேதி கலிலியோ காலமானார். வயது 77. பெரிய சமாதி கட்ட மன்னர் விரும்பினார். ரோமாபுரி தடுத்தது. மாதா கோவிலை ஒட்டிய சிறு அறையில் அடக்கம் நடந்தது. 1737-ல்தான் புளோரன்ஸின் சாந்தா குரோச்சே மாதா கோவிலில் சமாதி அமைந்தது.

கணக்கு வாழ்ந்தது

கலிலியோவின் கணக்கில் ஒரு குறை உண்டு. அதை அவரே சொல்லியிருக்கிறார். காற்று பொருளைத் தடுக்கிறது. மெதுவாக எறிந்த கனமான பொருளுக்குப் பரவளையம் ஏறக்குறையச் சரி. அதிவேகக் குண்டுக்கு அப்படி அல்ல. காற்றின் தடை எவ்வளவு பெரியது என்பதை 1742-ல் இங்கிலாந்தின் பெஞ்சமின் ராபின்ஸ் அளந்து காட்டினார். பீரங்கிக்காரர்கள் அதற்குத் தக்கபடி கணக்கைத் திருத்திக்கொண்டார்கள். ஆனால் ஓட்டத்தை இரண்டாகப் பிரிக்கும் வழி மாறவில்லை.

1687-ல் நியூட்டன் அந்த வழியை வானத்துக்கே கொண்டுபோனார். உயரமான மலை உச்சியிலிருந்து மிக மிக வேகமாக ஒரு குண்டைச் சுட்டால், அது விழுந்துகொண்டே இருக்கும். ஆனால் பூமியும் உருண்டையாக வளைந்துகொண்டே போவதால் தரையைத் தொடாது. பூமியைச் சுற்றி வரும் என்று அவர் எண்ணிப் பார்த்தார். 1957-ல் ரஷ்யா முதல் செயற்கைச் சந்திரனை ஏவியபோது அது உண்மையாயிற்று.

1971-ல் சந்திரனில் இறங்கிய அமெரிக்க வீரர் டேவிட் ஸ்காட், ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் இறகும் பிடித்து, இரண்டையும் ஒன்றாகக் கீழே விட்டார். அங்கே காற்று இல்லை. இரண்டும் சேர்ந்தே விழுந்தன. கலிலியோ சொன்னது சரி என்று வீரர் பாராட்டினார்.

தடை செய்த புத்தகங்களின் பட்டியலிலிருந்து 1835-ல் கலிலியோவின் நூல் நீங்கியது. 1992-ல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், கலிலியோவைத் தீர்ப்பளித்தவர்கள் தவறு செய்தார்கள் என்று ஒப்புக்கொண்டார்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பௌதிகப் பாடத்தில் எறிந்த பந்தின் கணக்கைப் போடும்போது கவனியுங்கள். வேகத்தை முதலில் இரண்டாகப் பிரிப்பார்கள். விழும் நேரத்தைத் தனியாகக் காண்பார்கள். பிறகு அந்த நேரத்தை வைத்து, ஓடிய தூரத்தைக் காண்பார்கள். வீட்டுக் காவலில், பார்வை மங்கிக்கொண்டே வந்த காலத்தில், ஒரு முதியவர் எழுதி அனுப்பிய வழி அது.